பின் சீட்டு நாற்றம்

பட்டி பூசிய அந்தக் கையை முறித்து அடுப்பில் வைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அது என் சகலையின் கை என்பது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகும் முறிக்கத்தான் தோன்றியது.

ஒரே ஷெட்டில் நான் டிங்கர், என் மனைவியின் தங்கையைக் கட்டிய அவன் பெயின்டர். துருப்பிடித்த தகரத்தை நான் வெட்டி எடுத்துப் புதுசு வைப்பேன். அவன் அதன் மேலேயே பட்டி மாவைப் பூசி மெழுகுவான். பார்க்கிறவர்கள் அவன் வேலையைத்தான் புகழ்வார்கள்.

வந்திருந்தது எங்கள் மாமனாரின் கார். எஞ்சின் பின்னால் இருக்கும், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும் பழைய வண்டி. கதவு தொங்குகிறது, சாத்தினால் சாத்தமாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தார். முன்பக்கம் அவருக்குப் பக்கத்துச் சீட்டின் அடித்தகரம் ஓட்டையாகி வெகுநாளாயிற்று. கால் வைத்தால் ரோடு தெரியும். அதனால் அத்தைக்குப் பின் சீட்டுதான்.

அத்தை அந்த வண்டியில் ஏறினால் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. "வண்டி நாறுதுங்க" என்பாள். "வண்டி நாறல. உனக்குப் பித்தம்டி. எலுமிச்சம்பழத்த மோந்துக்கோ" என்பார் மாமா. வீடே சிரிக்கும். போன மாதம் வாசலில் இறங்கியவள் அப்படியே சரிந்து விழுந்தாள். டாக்டர் ரத்தம் பார்த்தார், தலையைப் படம் எடுத்தார், ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வாரம் அவளை அதே வண்டியில் மலைமேல் இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போவதாக மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

இடது கதவுக்கு அடியில் ஓடும், உள்ளே கூடான நீள இரும்புப் பெட்டியில் கட்டிங் மெஷினை வைத்தேன். பொறி பறக்கவில்லை. பறக்க இரும்பு இருந்தால்தானே? விரல் தடிமனுக்குப் பட்டி, முன்பு சகலை பூசியது. அதன் உள்ளே, ஜன்னல் சந்து அடைக்கிற மஞ்சள் ஃபோம். ஃபோமைக் குடைந்து எலி கூடு கட்டி, குட்டி போட்டு, குடும்பத்தோடு செத்துக் கிடந்தது. ஈரமயிரும் புழுவுமாக ஒரு கட்டி கையோடு வந்தது. சீச்சீ! தரையில் உதறினேன்.

எலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பெட்டி வெறும் பெட்டியா? குளிர்காலத்தில் எஞ்சின் சூட்டை வண்டிக்குள் கொண்டுவரும் குழாயே அதுதான்; ஹீட்டரை மூடிவைத்தாலும் கொஞ்சம் உள்ளே கசியும். நடுவில் ஃபோம் அடைத்துக்கொண்டதால் முன்னால் போகவேண்டிய காற்றெல்லாம் பின் சீட்டுக் காலடியிலேயே வெளியே வந்திருக்கிறது. குனிந்து சைலன்சர் பக்கம் பார்த்தேன். அந்தக் குழாய் காற்று எடுக்கும் இடத்தை ஒட்டி அங்கேயும் ஓட்டை. எலி நாற்றத்தோடு புகையும் சேர்ந்து நேரே அத்தையின் மூக்கில் ஏறியிருக்கிறது.

"ஏன்டா, ஹீட்டர் குழாய்க்குள்ளயாடா ஃபோம் அடிப்ப?"

"துரு பரவாம இருக்கட்டும்னு அடிச்சேன் சகல. வெளிய வழவழன்னுதானே இருந்துச்சு?" என்றான், வெட்கமே இல்லாமல். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எடுத்துப் போட்டுட்டு மேலாக்க ஒரு பட்டி இழுத்துடலாம்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மாமாவும் அத்தையும் ஷெட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா எலிக்கூட்டைச் செருப்பு நுனியால் தள்ளினார். "ஒரு எலி செத்ததுக்கா வண்டிய இப்படிக் குடலெடுத்துப் போட்டிருக்க? புகையாவது ஒண்ணாவது! நானும் அதே வண்டியிலதான் போறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"நீங்க முன்னாடி கண்ணாடிய இறக்கிவிட்டுட்டு ஓட்டுறீங்க மாமா."

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தாள். "நாத்தம் இருந்துச்சுதானே மாப்ள?" என்று என்னைக் கேட்டாள்.

"இருந்துச்சு அத்த. நல்லாவே இருந்துச்சு."

அவள் மாமாவிடம் திரும்பினாள். "நீங்க பின்னாடி உக்காருங்க."

"உக்காந்தா போச்சு" என்று வீறாப்பாக ஏறினார். வலப்பக்கப் பெட்டியும் அதே பட்டி, ஃபோமோடு இன்னும் பிரிக்காமல் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டிய கை அவிழ்ந்தது. பிறகு கண்ணாடியைத் தட்டினார். நான் எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஷெட்டு மூலையில் கழிவு ஆயில் டிரம்மைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். சகலை சத்தம் போடாமல் பட்டி டப்பாவை மூடினான்.

அத்தை அவர் பக்கத்தில் போய் நின்றாள். முதுகைத் தடவிவிட்டாள். கைப்பையைத் திறந்து, எப்போதும் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"பித்தம்தான்" என்றாள். "மோந்துக்குங்க."