லோரிமரின் கோட்டு நிறம்

செடிப் படம் வரைந்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘இதழ், உன் கோட்டு நிறம்.’ வேறு ஒரு சொல் இல்லை. எழுதியவன் கெட்டிஸ்தான். அன்றைக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறான், மகா புத்திசாலி.

கரையில் பறித்த செடி கப்பலுக்கு வந்து சேர்வதற்குள் தலை தொங்கிவிடும். அதனால் கப்பலின் ஓவியனான கெட்டிஸ் அவசரமாகப் பென்சிலில் உருவத்தை எடுத்து, ஒரே ஓர் இலைக்கு மட்டும் வண்ணம் தீட்டி, மிச்சத்துக்குக் குறிப்பு எழுதி வைப்பான். கடலில் சாவகாசமாக முடிப்பான். குறிப்பைப் படித்துச் சிரிக்கவும் சண்டை போடவும் செடி ஆராய்ச்சிக்காரன் லோரிமர் பக்கத்திலேயே இருந்தான். இரண்டு வருஷம் ஒரே அறை, ஒரே மேசை.

பத்தாவியாத் துறைமுகத்தில் இருவரையும் காய்ச்சல் படுக்கப் போட்டது. கெட்டிஸ் பிழைத்துக்கொண்டான். அவன் நினைவில்லாமல் கிடந்தபோதே லோரிமரின் உடலைக் கடலில் இறக்கி, கப்பல் வழக்கப்படி இறந்தவனின் துணிமணிகளைப் பாய்மரத்தடியில் ஏலம் விட்டுவிட்டார்கள்.

அந்தத் தாளில் இருந்தது லோரிமர் கடைசியாகக் கண்டெடுத்த செடி. பூ காய்ந்து புகையிலை நிறத்துக்குப் போயிருந்தது. நிறம் தவறினால் அவன் கண்டது வேறு ஏதோ செடியாகிவிடும். கெட்டிஸ் நான்கு தடவை வண்ணம் கலந்து பார்த்தான். நான்கும் பொய். இரண்டு வருஷம் கண்ணெதிரே இருந்த நிறம் நினைவுக்கு வரவில்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது.

அந்தக் கோட்டு இப்போது, அதை ஏலத்தில் எடுத்த, கப்பல் பாய் தைக்கும் ட்ரூயினிடம் இருந்தது.

“தர மாட்டேன்யா. பாய்மரத்தடியில எடுத்ததத் திருப்பிக் கேக்கற வழக்கமே கெடையாது. செத்தவரு பொண்டாட்டியே வந்தாலும் கேக்கக் கூடாது.”

“திருப்பி வேணாம், ட்ரூயின். பாத்தாப் போதும்.”

“பாக்கவா?” பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவன் சிரித்தான். “படக்காரருக்கு இன்னும் காய்ச்சல் எறங்கல போல.”

“ஒரு பூவோட நெறம் அதுலதான் இருக்கு.”

ட்ரூயின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “கழட்டித் தர மாட்டேன். வேணும்னா போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன். பெட்டியிலயேதான் கெடக்கு, வெளுக்கல.”

ஞாயிறு காலை பிரார்த்தனை முடிந்ததும் ட்ரூயின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். சன்னல் வெளிச்சம் முதுகில் விழும்படி, லோரிமர் வழக்கமாக நிற்கும் இடத்தில் மேசையைப் பார்த்து நிற்கச் சொன்னான் கெட்டிஸ்.

நாவல்பழச் சாறு பட்ட நிறம், அதில் ஒரு துளி காவி. அந்தக் காவியைத்தான் மறந்திருந்தான். ஐந்தாவது கலவையில் நிறம் பிடிபட்டது. ஐந்து இதழ்களையும் தீட்டி முடித்தான்.

லோரிமரைவிட ட்ரூயின் குட்டை. ஆனாலும் முழங்கையில் லோரிமர் முள்ளில் கிழித்துக்கொண்ட இடம் அப்படியே இருந்தது.

“முடிஞ்சுதாய்யா? கால் கடுக்குது.”

தாள் காய்ந்தாயிற்று. தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தும் ஆயிற்று.

“இன்னும் கொஞ்சம் நில்லு,” என்றான் கெட்டிஸ். “திரும்பாத.”