எப்படிக் கற்பிக்கக் கூடாது

மகாராஜன் சார் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சுற்றும் என்று பையன்கள் சொல்வார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். துறைமுகச் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் இயற்பியல் துறைக்குத் தலைவர். கையால் பாடம் நடத்தியே பேர் வாங்கியவர். கையால் என்றால் கரும்பலகையில் எழுதி அல்ல. கன்னத்தில், பிடரியில், முதுகில். அடி வாங்கினவன்தான் உருப்படுவான் என்பது அவர் கட்சி. உருப்பட்ட சிலர் இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுந்ததால் கட்சி வலுத்துக்கொண்டே போனது. விழாதவர்களைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

போன பருவத்தில் விளாத்திகுளத்துப் பையன் ஒருவனை ஆய்வகத்தில் வைத்து அறைந்தார். அவன் மேசை முனையில் போய் விழுந்து புருவம் கிழிந்தது. மறுநாள் ஒரு வேன் நிறைய ஊர்க்காரர்கள் வந்து கல்லூரி வாசலில் நின்றார்கள். விசாரணை நடந்தது. கடைசியில் முதல்வர் தங்கப்பாண்டி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நம்ம ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சிப் பட்டறை நடத்தப் போறோம். நீங்க முழுசா இருந்து முடிக்கணும். முடிச்சா வேலை இருக்கும். அங்கன வச்சும் கையை ஓங்கினீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது சார். அன்னைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

மகாராஜனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு உலகம் கிடையாது. நாசரேத்தில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அங்கே போய்ப் பொட்டலம் மடிப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சீனித்தாயும் பட்டறை அன்றைக்குக் காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்தபடியே சொல்லிவிட்டாள். “உங்க கை சும்மா கெடக்காது. பட்டறை முடியுத மட்டும் அதைக் கொஞ்சம் அடக்கி வைங்க.” கட்டிய பெண்டாட்டியும் இப்படிச் சொன்னதில் அவருக்கு எரிச்சல்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறை மாடி அரங்கில் நடந்தது. பயிற்சி தர மதுரையிலிருந்து சண்முகப்ரியா என்ற அம்மாள் வந்திருந்தார். காலை முழுக்க வண்ண வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டச் சொன்னார். வட்டமாக நின்று பந்து எறிந்து பேர் சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் மகாராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். தேநீர் வேளையில் மக்ரூன் இனிப்பு வைத்தார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டே தின்றார்.

அதற்குப் பிறகுதான் சண்முகப்ரியா அந்த நடிப்புப் பயிற்சியை ஆரம்பித்தார்.

“எப்படிக் கற்பிக்கணும்னு எல்லாரும் சொல்லிடுவோம். எப்படிக் கற்பிக்கக் கூடாதுன்னு முதல்ல நடிச்சுப் பார்ப்போம். ஒருத்தர் மோசமான ஆசிரியர், ஒருத்தர் மாணவர். நான் மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. மத்தவங்க குறுக்கே பேசாம குறிப்பு எடுங்க. ஆசிரியரா நடிக்க யார் வர்றீங்க?”

ஆங்கிலத் துறைக்கு இந்த வருடம் ஒப்பந்தத்தில் வந்திருந்த ஜெர்சன் எழுந்தான். வாட்டசாட்டமான கடற்கரைப் பையன். தலை குனிந்தே நடப்பான், வராந்தாவில் எதிரே வந்தால் மட்டும் ஒதுங்கி நின்று ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பான். மகாராஜனுக்கு அவனைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

“மாணவரா எனக்கு மகாராஜன் சார் வேணும்” என்றான்.

அரங்கு சிரித்தது. விசாரணைக் கதை எல்லோருக்கும் தெரியும். மகாராஜனும் சிரிப்பதைப் போல வாயை வைத்துக்கொண்டு போய் முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மறுத்தால் அதுவே வம்பாகிவிடும்.

“எந்திலே” என்றான் ஜெர்சன்.

எழுந்தார். பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

“ஏம்லே லேட்டு?”

“பஸ்ஸு வரல சார்” என்று மகாராஜன் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“பொய் சொல்லுத. உங்கப்பா மீன் பிடிக்கப் போன போட்டு இன்னும் கரை சேரலைன்னு சொல்லு. ராத்திரி முழுக்கக் கடற்கரையில நின்னேன்னு சொல்லு.”

குரல் மாறியிருந்தது. மகாராஜன் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஜெர்சன் மேசையிலிருந்த மர அளவுகோலை எடுத்தான். எடுத்த வேகத்தில் அவருடைய மணிக்கட்டில் ஒரு அடி. எலும்பில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“சொல்லுலே.”

“எங்கப்பா போட்டு… இன்னும் கரை சேரல.”

“உங்கப்பன் கரை சேரலைன்னா கடல்ல போய்த் தேடு. எனக்கு ரெக்கார்டு நோட்டு எங்க?”

அது மகாராஜனுடைய பேச்சு. ரெக்கார்டு நோட்டு எங்க என்று இழுத்துக் கேட்கும் அந்த ராகம்கூட அவருடையதுதான். அரங்கு அதைக் கண்டுகொண்டு கொல்லென்று சிரித்தது. தமிழ்த் துறை செல்வராணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த அடி தோளில் விழுந்தது. அதற்கடுத்தது விலாவில் விழ, மகாராஜன் பெஞ்சில் சரிந்தார். அளவுகோல் முறிந்து ஒரு துண்டு முன்வரிசைக்குப் பறந்தது. சண்முகப்ரியா ஒரு எட்டு முன்னால் வந்தார். “அளவுகோல் உடையற மாதிரிகூடத் தயார் பண்ணியிருக்காங்க, கவனிங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். மெத்தப் படித்தவர்கள் நிறைந்த அரங்கு அது. மோசமான ஆசிரியரின் உடல்மொழி என்று அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்சன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். பித்தான் தெறித்தது. முதல் அறையில் மூக்குக்கண்ணாடி போனது. இரண்டாவது அறையில் வாய்க்குள் உப்புக் கரித்தது. மகாராஜனுக்குப் பயம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், செத்துப்போவோம் என்ற பயம். கத்தினால் போதும், யாராவது ஓடிவருவார்கள். ஆனால் கத்தினால் விசாரணை வரும், ஏன் அடித்தான் என்று கேட்பார்கள். திருப்பி அடித்தால் வேலை போகும். அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் மரத்தில் பதிந்தது.

ஜெர்சன் அவர் பிடரியைப் பிடித்து மேசையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, காலையில் ஒட்டியது போக மீந்துகிடந்த வண்ணத் தாள்களை நனைத்தது. அப்போதுதான் செல்வராணி, “மேடம், அது நெச ரத்தம்” என்று எழுந்தாள். சண்முகப்ரியா மணியை அடித்தார். நிற்காமல் அடித்தார்.

ஜெர்சன் கையை எடுத்தான். அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்தான்.

முதல்வர் தங்கப்பாண்டி ஓடிவந்தார். மகாராஜன் தலையை அண்ணாந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இது? போலீசைக் கூப்பிடவா? இந்தப் பயலை இப்பவே வெளிய அனுப்புதேன். சொல்லுங்க, இது நடிப்பா நெசமா?”

மகாராஜன் யோசித்தார். கை ஓங்காமல் தாண்டியாகிவிட்டது. இனி ஒரு வார்த்தை போதும், வேலை பத்திரம். பையனையும் காப்பாற்றிய பெருந்தன்மை வேறு வந்து சேரும். இந்தக் கணக்கைப் போட அவருக்கு நேரமே ஆகவில்லை.

“நடிப்புதான் சார். கொஞ்சம் கை மீறிப் போச்சு. சின்னப் பையன், விடுங்க.”

அரங்கு மூச்சு விட்டது. இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள். சண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க பொறுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை சார்” என்றார். மகாராஜனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடி வாங்கியும் ஜெயித்தோம் என்று நினைத்தார்.

“நடிப்பு இல்ல” என்றான் ஜெர்சன். “நெசமாத்தான் அடிச்சேன். என்னை வேலையை விட்டு அனுப்புங்க, எனக்குக் கவலையில்ல.”

“ஏலே, பேசாம இரு” என்றார் முதல்வர்.

“நான் இங்க பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்க வந்தவன் சார். அப்பா போட்டு காணாமப் போன அன்னைக்கு லேப்ல வச்சு இவரு என்னை இதே மாதிரி அடிச்சாரு. இதே பேச்சு பேசினாரு. அப்பா வரவே இல்ல. நான் அன்னைக்கோட பிசிக்ஸை விட்டுட்டு வேற காலேஜுக்குப் போயிட்டேன்.” அவன் மகாராஜன் பக்கம் திரும்பினான். “எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். என்னை ஞாபகம் இருக்கா? அதை மட்டும் இவங்க முன்னால சொல்லுங்க.”

மகாராஜன் கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஆய்வகத்தை, மேசைகளை, எத்தனையோ பையன்களை நினைத்துப் பார்த்தார். அழுத முகங்கள் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. இவன் அதில் எங்குமே இல்லை. இத்தனை வருடம் வராந்தாவில் நிமிர்ந்து நடந்தவருக்கு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. இருக்கு என்று பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை.

“இல்லைல்லா?” என்றான் ஜெர்சன் மெதுவாக. “எனக்குத் தெரியும் சார். வராந்தாவுல தினம் உங்க முகத்தைப் பாப்பேன். ஒரு நாளாவது தெரியுதான்னு.”

அறை விழுந்த சத்தம் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்டது. தன் கை எப்போது எழுந்தது என்றே மகாராஜனுக்குத் தெரியவில்லை. அவன் கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழும்புவதைத்தான் பார்த்தார். ஜெர்சன் தள்ளாடி, நிமிர்ந்து, நின்ற இடத்திலேயே நின்றான்.

யாரும் எதுவும் எழுதவில்லை. முதல்வர் மகாராஜனின் முழங்கையைப் பிடித்து, “வாங்க சார், வீட்டுக்குப் போவோம்” என்றார்.

படியிறங்கும்போது மகாராஜனுக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. வேலை போனதற்காக அல்ல. அந்தக் கன்னத்தில் கை விழுந்த நிமிடம், காலையிலிருந்து இறுகிக்கிடந்த உடம்பெல்லாம் இளகி, ஒரு நிம்மதி பரவியது. அது அவருக்குப் பிடித்திருந்தது.