மேனேஜருக்கு மிஞ்சிய சிறுநீரகம்

அந்தப் பூனைக்கு மேனேஜர் என்று பேர் வைத்தவள் என் மனைவி. வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் முறைக்கிறதாம். அவள் இறந்துபோன ஏழாவது மாதத்தில், கல் அடைத்து அதன் வலது சிறுநீரகம் வீங்கிக் கெட்டுவிட்டது.

"வயித்தைப் பெருசா கிழிக்க மாட்டேன் சார். மூணே மூணு சின்ன ஓட்டை. ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவி," என்றார் கால்நடை டாக்டரம்மா. "ரத்தம் அதிகமா வந்தா மட்டும் திறந்துடுவேன்."

அந்த 'மட்டும்' என்னைத் தூங்கவிடவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவியின் தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். "மாமா, பூனையை விட உங்களுக்குத்தான் மயக்க ஊசி போடணும்."

உள்ளே திரையில் சிவப்பும் மஞ்சளுமாய் ஏதோ அசைந்தது. ரத்தக்குழாய்க்கு கிளிப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். கெட்டதை ஒரு சின்னப் பைக்குள் போட்டு ஓட்டை வழியாக இழுத்துவிட்டார்கள்.

நிஜமான பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. மிஞ்சிய ஒன்று வேலை செய்ய வேண்டுமே. மறுநாள் காலை மேனேஜர் கூண்டின் மூலையில் சுருண்டிருந்தது. அது ஒண்ணுக்குப் போக வைத்த மண் தட்டு காய்ந்து கிடந்தது.

"யூரின் போச்சா?" என்று டாக்டரம்மா நர்ஸைக் கேட்டார்.

"இல்ல மேடம்."

மனைவியின் கடைசி வாரத்தில் தினமும் என் காதில் விழுந்த கேள்வியும் பதிலும் அதேதான்.

டாக்டரம்மா பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "உள்ள கொஞ்சம் இருக்கு. போதுமான்னு அளந்தாதான் தெரியும். புது இடம், அடக்குறான். வழக்கமா படுக்கிற துணி ஏதாவது இருக்கா?"

இருந்தது. என் மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டர். அவள் வாசனை போய்விடுமென்று நான் துவைக்கவே இல்லை. துவைக்க எடுத்த தங்கையிடம் ஒருமுறை கத்தியிருக்கிறேன். முதலில் ஒரு போர்வையைக் கொண்டுபோய்ப் போட்டேன். மேனேஜர் மோந்துகூடப் பார்க்கவில்லை. திரும்ப வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டரம்மா ஸ்வெட்டரைத் தராசில் வைத்தார். முந்நூற்றுப் பத்து கிராம். கூண்டில் விரித்ததும் மேனேஜர் எழுந்து, இரண்டு சுற்று சுற்றி, பிறாண்டி, என்னை முறைத்தபடியே குந்தியது.

மறுபடி தராசு. முந்நூற்று நாற்பத்தெட்டு.

"ஒரு கிராமுக்கு ஒரு மில்லி சார். நல்லாவே போயிருக்கான்."

"அக்கா பார்த்திருந்தா மேனேஜருக்கு இன்னைக்குச் சீட்டு கிழிஞ்சிருக்கும்," என்று சிரித்த தங்கை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"துவைச்சுத் தரவா சார்?" என்றாள் நர்ஸ், ஈர ஸ்வெட்டரைத் தள்ளிப் பிடித்தபடி.

"வேண்டாம்மா. நானே துவைச்சுக்கிறேன்."