முதல் டேக்

மதியம் மூன்றேகாலுக்கு ஸ்டுடியோவில் எட்டாவது பாட்டைத் தொடங்கினார்கள்.

ஆல்பத்தில் அதுதான் கடைசி. மெதுவான பாட்டு. தங்கைக்கு டிரம் குச்சிகள் கையில் வழுக்கின.

கண்ணாடிக்கு அந்தப் பக்க அறையில் அண்ணன் நின்றார். தோளில் கிதார், காதில் ஹெட்போன், முட்டியில் இறுக்கிய பட்டை. முப்பது வருடமாகப் பங்க் ராக் பாடுகிறவர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆணி. குழுவுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே: முதல் டேக்தான் ஆல்பத்துக்குப் போகும். பிசகினால் பிசகியதே பாட்டு.

இதுவரை பதிவானதில் வேகமான பாட்டுகள் ஐந்தும் பழையபடி பற்றி எரிந்தன. மெதுவான இரண்டில் சுருதி நழுவியது. அவருக்கு அது தெரியவில்லை. பேஸ் கிதார் வாசிப்பவர் சொன்னார், "காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க ஆணி." மறுநாள் அந்த பேஸ்காரர் குழுவில் இல்லை.

அதன்பிறகு யாரும் சொல்லவில்லை. தங்கையும்தான்.

"ரெடியா குட்டி?" என்றார் மைக்கில். ஐம்பத்தாறு வயதிலும் அவள் குட்டிதான்.

"நான் ரெடி. நீ முட்டியைப் பாத்துக்கோ. குதிச்சு விழுந்தா தூக்க ஆள் இல்ல."

அவள் வாயையே பார்த்திருந்துவிட்டு அவர் சிரித்தார். "மெதுவான பாட்டுக்கு எவன் குதிப்பான்."

இரண்டாம் சரணத்தில் அவர் திரும்பியபோது கால் ஹெட்போன் வயரில் மாட்டியது. வயர், அதைச் செருகியிருந்த பெட்டியிலிருந்து கழன்று தரையில் விழுந்தது.

அவள் அவர் நிறுத்தக் காத்திருந்தாள். காதில் சத்தம் செத்துவிட்டால் யாரும் நிறுத்துவார்கள்.

அவர் நிறுத்தவில்லை. கண்ணாடி வழியாக அவள் கைகளைப் பார்த்தபடி பாடினார். அவள் அடித்த இடத்திலெல்லாம் அவர் மோவாய் இறங்கியது. டிரம்மைக் கண்ணாடிக்கு நேரே போடச் சொன்னதும் அவர்தான்.

இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளரின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு முடிந்தது. அண்ணன் முகம் மலர்ந்திருந்தது.

"இதுதான் குட்டி. இந்த ஆல்பத்துலயே இதுதான்."

அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அவள் ஹெட்போனில் ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது. "அக்கா, வயர் கழண்டு கெடக்கு. அவர் எதைக் கேட்டுப் பாடினார்?"

"சத்தம் போடாத."

"நான் சத்தம் போட்டா மட்டும் அவருக்குக் கேக்கவா போகுது. சுருதி எங்கேயோ போயிடுச்சு. இதையா அனுப்பப் போறோம்?"

"முதல் டேக்தான். சட்டம் தெரியும்ல."

"சட்டம் போட்டவருக்கு விஷயம் தெரியுமா?"

அவள் குச்சிகளைக் கீழே வைத்தாள். அவர் பார்ப்பதற்குள் வயரைச் செருகிவிட வேண்டும். அதன்பிறகு யோசித்துக்கொள்ளலாம். நடைவழியில் ஓடினாள். கனமான கதவு, இரண்டு கையாலும் தள்ளினாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில், பெட்டியிலிருந்து உருவ வேண்டிய முனை தானாகக் கைக்கு வந்தது.

முனையைப் பார்த்தார். தூரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தங்கையின் உதடுகளை.

"குட்டி, இது எப்ப கழண்டுச்சு?"