குமிழி விட்டவன்

அந்தமான் கடலில் முங்கப் போவதற்கு முன்னால் மதுரையிலேயே பழகிவிட வேண்டும் என்று பத்ரிநாத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். கப்பலூரில் மருது வேலை பார்க்கும் அதே கம்பெனியில்தான் அவனும். காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு நீருக்குள் மூழ்கும் ஸ்கூபாவைச் சொல்லிக்கொடுக்க முறைப்படி படித்துத் தேறியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்தை வாடகைக்குப் பிடித்து, ஆசைப்பட்ட நாலைந்து பேரைப் பழக்கினான்.

மருது பெயர் கொடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளிலேயே ஊறிக் கிடந்தவனுக்கு என்ன கிளாஸ் என்று கேட்டார்கள். கடைசியில் நீச்சலே தெரியாமல் வந்த கம்பெனி ஸ்டோர்ஸ் பிரிவு வெள்ளைத்துரைகூடத் தேறிவிட்டான், மருதுதான் தேறவில்லை.

ஸ்கூபாவில் முதல் விதி, மூச்சை அடக்கக் கூடாது. சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை உள்ளே பூட்டிக்கொண்டு மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நீச்சல்குளத்து ஆழமே அதற்குப் போதும். மருதுவுக்கு இது மனப்பாடம். ஆனால் தண்ணீருக்குள் தலை போனதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். அவன் ஊரில் பையன்கள் கிணற்றுக்குள் முங்கினால், மேலே நிற்பவர்கள் குமிழியைத்தான் பார்ப்பார்கள். குமிழி விட்டவன் தோற்றவன். வாரம் முழுக்க அவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

அவன் தம்பி பாண்டிராஜ் தோற்றதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, தண்ணீர் தேங்கிய ஒரு கல்குவாரிப் பள்ளத்தில் கூட்டாளிகளோடு முங்கினான். வெகுநேரம் குமிழி வரவில்லை. ஜெயிக்கிறான் என்று மேலே நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மருது அப்போது ஷிப்டில் இருந்தான். அதற்குப் பிறகு அவன் கிணற்றுப் பக்கமே போனதில்லை.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அம்மா ராக்கம்மாள் அழுதாள். காரணத்தை மனைவி பவதாரிணியிடம் மட்டும் சொன்னான். தம்பி கடைசியாக இருந்தது போன்ற ஓர் இடத்தில், மேலே வர அவசரம் இல்லாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அவள், அப்படியென்றால் தானும் குளத்துக்கு வருவதாகச் சொன்னாள்.

அது பயணத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. காலையில் இரண்டே இட்லி. வயிறு முட்டத் தின்று வரக் கூடாது என்பது பத்ரியின் கட்டளை. மூக்கடைப்பு உண்டா, காது வலிக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டான். சிலிண்டர் வால்வை ஒருவருக்கொருவர் திறந்து பார்த்தார்கள். வாயில் கடிக்கும் கருவியில் இழுத்துப் பார்த்து, காற்று அளவு காட்டும் முள்ளைப் படித்து, மாஸ்க்கில் எச்சில் தடவிக் கழுவினார்கள். மருது எல்லாவற்றையும் பிசகாமல் செய்தான். இறங்கினான். மறுபடியும் நெஞ்சு பூட்டிக்கொண்டது.

பத்ரி அவன் தோள்பட்டியைப் பிடித்து, காற்றை விடச் சொல்லிச் சைகை காட்டி, விட்ட பிறகே மேலே கொண்டுவந்தான்.

"மருதண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. இப்படி இருந்தா உங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். டிக்கெட் போனாப் போகுது."

மருது கருவியைக் கழற்றப் போனான். விளிம்பில் உட்கார்ந்திருந்த பவதாரிணி, முந்தானை நனைவதைக்கூடப் பார்க்காமல் குனிந்தாள்.

"மாமா, நீங்க உள்ள போனதும் எனக்கு ஒண்ணும் தெரியல. வெறுந்தண்ணிதான் தெரியுது. குமிழி வந்தாத்தான் நீங்க இருக்கீகன்னு எனக்குத் தெரியும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தக் குவாரித் தண்ணீரை மேலே நின்றவர்களின் கண்ணால் அதுவரை ஒருமுறைகூட அவன் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று கைதட்டியவர்களுக்கும் வெறும் தண்ணீர்தான் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒரே முறை என்று பத்ரியிடம் கேட்டு இறங்கினான்.

குளத்தின் தரையில் முழங்கால் பட்டதும் நெஞ்சு பழையபடி இறுகியது. அண்ணாந்தான். தண்ணீருக்கு மேலே அவள் சேலையின் மஞ்சள் நெளிந்துகொண்டிருந்தது. அவளுக்கு என்று ஒரு மூச்சை விட்டான். குமிழிகள் கடகடவென்று மேலே போயின. வெட்கமாகத்தான் இருந்தது. இழுத்து, இன்னொன்று விட்டான். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் விடுவது அவனாக இல்லாமல், அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்க்குக்குள் கண்ணீர் தேங்கியது. சொல்லிக்கொடுத்தபடியே மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதி வெளியேற்றினான். பத்ரி எதிரே மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துத்தான், மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினான். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி, மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாக மேலே வந்தார்கள்.

முதல் நாள் கடலில் ஆழம் போகாமல் கரையோரத்தில்தான் என்றும், மறுபடி அடக்கினால் அங்கேயே கரையேற்றிவிடுவேன் என்றும் பத்ரி சொன்னான். மருது தலையாட்டினான். பவதாரிணியின் கண் இன்னும் தண்ணீர் மேலேயே இருந்தது.

"அதுக்குள்ள ஏன் வந்தீக?" என்றாள்.

பத்ரி முள்ளைப் பார்த்தான். காற்று மிச்சம் இருந்தது. மறுபடியும் இறங்கினார்கள்.