பழசை முதல்ல வை

புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதிலிருந்து அக்காவின் கம்ப்யூட்டர் கண் விழிக்க ஒரு யுகம் எடுத்தது. நேற்று மாலை பொத்தானை அழுத்திவிட்டுப் போன அக்கா, குளித்துத் தலை துவட்டித் துணியும் உலர்த்திவிட்டு வந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"புதுசு இல்லையாக்கா, பழகணும்" என்றான் தம்பி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. புது மருமகளுக்குச் சொல்லும் சமாதானத்தை ஹார்ட் டிஸ்க்குக்குச் சொன்னான்.

மாட்டியவனும் அவனேதான். அக்காவுக்கு இடம் போதவில்லை என்பது வெளியே சொன்ன காரணம்; போதாமல் இருந்தது அவனுடைய கேம்களுக்கு. அவற்றுக்கு வழிவிட, அக்காவின் சான்றிதழ்களைப் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குக் குடிமாற்றியிருந்தான்.

இன்று பதினொரு மணிக்கு அக்காவுக்கு வேலைத் தேர்வு. குழந்தை பிறந்து வேலையை விட்டபின் அவளை மதித்துக் கூப்பிட்ட ஒரே கம்பெனி. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் சான்றிதழ்களை ஏற்றினால்தான் கேள்வித்தாள் திறக்கும். போனில் திறக்கவே திறக்காது. பதினொன்றேகாலுக்கு மேல் வருபவர்களுக்குக் கதவடைப்பு.

இப்போது மணி பத்தரை. கோடு சிமிட்டியது.

"இன்ஜினியர் சார், இன்னும் பழகலையா அது?" அக்காவின் குரலில் பாதி கிண்டல், பாதி அழுகை.

"புதுசைப் பிடுங்கிடவா?"

"என் சர்டிபிகேட் எல்லாம் அதுலதானடா கெடக்கு!"

தம்பி மாமாவுக்குப் போன் போட்டான். அக்கா புருஷன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். ஆனால் அலுவலகக் கூட்டத்தில் மேனேஜருக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, "பழசை முதல்ல வை" என்று கிசுகிசுத்துவிட்டுத் துண்டித்தார்.

தம்பி கம்ப்யூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு தட்டுகள். மேல்தட்டில் புதுசு, கீழ்த்தட்டில் பழசு. ஆகா, இவ்வளவுதானா! ஒயரைக் கழற்றாமலே பழசை மேலே ஏற்றி, புதுசைக் கீழே இறக்கினான்.

கோடு சிமிட்டியது.

"வெச்சுட்டேன் மாமா. அப்படியேதான் இருக்கு."

"சரியாப் பாருடா. முதல்ல வை." மறுபடி துண்டிப்பு.

ஒருவேளை கீழிருந்து எண்ணுவார்களோ? மாடிகளைக்கூட அப்படித்தானே எண்ணுகிறோம். அணைத்தான், பழசைக் கீழே இறக்கினான். இப்போது இரண்டும் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. இதை அவன் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள்.

"டேய், சும்மா விட்டிருந்தா இந்நேரம் அதுவே வந்திருக்கும்டா! எழுந்திரிக்கிறவனைத் திரும்பத் திரும்பப் படுக்க வெக்கிறியே!"

உண்மைதான். ஒவ்வொரு முறை அணைத்தபோதும் காத்திருப்பு ஆதியிலிருந்து தொடங்கியது. மணி பதினொன்றைத் தொட்டது. தேர்வுக்கென்று இஸ்திரி போட்டு உடுத்திய புடவையோடு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே யாருடா என்னைக் கூப்பிடப் போறாங்க?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை.

போன் அலறியது. மாமா. கழிவறைக்குத் தப்பி வந்திருந்தார் போலும், குரல் எதிரொலித்தது.

"வெச்சியா?"

"மேலயும் வெச்சுப் பாத்தேன், கீழயும் வெச்சுப் பாத்தேன் மாமா..."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்ட ஓசை போனிலேயே கேட்டது.

"அட மடச் சாம்பிராணி! இடத்துல இல்லடா, வரிசையில! எந்த டிஸ்க்கை முதல்ல பாக்கணும்கிற பூட் ஆர்டர்ல! விண்டோஸ் இருக்கிறது பழசுல, அது புதுசுல போய்த் தேடித் தேடி அலையுது. ஆன் பண்ணி எஃப் டூ கீயைத் தட்டு."

தட்டினான். நீலத் திரையில் ஒரு வரிசை வந்தது. முதலில் புதுசு, அடுத்து பழசு. பழசை மேலே நகர்த்திச் சேமித்தான். அடுத்த மூச்சுக்குள் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது, ஒன்றுமே நடக்காததுபோல.

அக்கா நாற்காலிக்குப் பாய்ந்தாள். சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. கதவடைக்க ஒரு நிமிடம் இருக்கையில் கேள்வித்தாள் திறந்தது. அவள் எழுத ஆரம்பித்தாள்.

தம்பி பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தான். மூச்சு அவள் கழுத்தில் பட்டிருக்க வேண்டும்.

"நீ முதல்ல வெளிய போ" என்றாள், திரும்பாமல்.

இன்று பட்ட பாடு போதாதா? தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது என்று நினைத்தான்.

"இடத்துலயாக்கா, வரிசையிலயா?"

மேசையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அக்கா கையில் எடுத்தாள். தம்பி கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினான்.