பின்னங்கால்கள் மலையில் இருந்த நாய்

வெலிகாவின் சமையலறையில் படுத்திருந்த நாயின் பின்னங்கால்கள் அந்த வருடம் மே மாதத்திலிருந்து நவம்பர் எட்டாம் தேதி வரை மலைமேல் இருந்தன. பார்வைக்கு அவை நாயோடுதான் ஒட்டியிருந்தன. தடவினால் ரோமம் தட்டுப்படும், அழுத்தினால் எலும்பு தட்டுப்படும். ஆனாலும் கால்கள் அங்கே இல்லை. இதை ஊர் முழுக்க ஒப்புக்கொள்வதற்குச் செப்டம்பர் ஆகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எந்த விஷயத்தையும் குடைமிளகாய் சுடும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகுதான் நம்புவார்கள், குடைமிளகாயோ செப்டம்பரில்தான் சிவக்கும்.

வெலிகா கால்சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இடுப்புப்பட்டி தைத்தவள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பாள். தலைநகரத்தில் நாய் மீட்பு இல்லம் நடத்தும் மக்தா, அடிபட்ட நாய்களையும் நோய்ப்பட்ட நாய்களையும் அவளிடம் கொண்டுவந்து விடுவாள். வெலிகா தேற்றிக் கொடுப்பாள். தேறியதும் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு வேன் வரும், அங்கே ஏதோ ஒரு குடும்பம் காத்திருக்கும், நாய் ஏறிப் போய்விடும். ஏழு வருடத்தில் இப்படிப் பதினோரு நாய்கள். அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. எந்த நாய்க்கும் பெயர் வைக்கமாட்டாள், எல்லா நாயும் அவளுக்கு விருந்தாளிதான். வேன் கிளம்பும்போது அழமாட்டாள். இரண்டையும் பதினோரு தடவையும் காப்பாற்றியிருந்தாள்.

பன்னிரண்டாவது விருந்தாளியை மே மாதம் இரண்டாம் வாரம் கம்பளியில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கணவாய்ச் சாலையின் ஓரத்தில் கிடந்ததாம், லாரியோ காரோ இடித்திருக்க வேண்டும். எங்கள் மலைக்கே உரிய காவல் நாய், ஆண், கருஞ்சாம்பல் நிறம், எடை அறுபத்திரண்டு கிலோ. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு லேன்சே, "ஏடி வெலிகா, இது நாயா, கன்னுக்குட்டியா? நீயே முழங்கால் வலின்னு மாடிப்படி ஏறமாட்ட, இத எப்பிடிடி தூக்குவ?" என்றாள். "உன்ன மாதிரி வாயால தூக்கிக்கிறேன்" என்று வெலிகா சொன்னாள். கால்நடை மருத்துவர் பாந்தில் வந்து எக்ஸ்ரே எடுத்தார், படத்தை ஜன்னலில் வைத்து வெகுநேரம் பார்த்தார், ஊசியால் கால் விரல்களைக் குத்திப் பார்த்தார். நாய் ஏதோ வேறு யாருக்கோ நடப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எலும்பு சுத்தமா இருக்கு வெலிகாக்கா. நரம்பும் சுத்தமா இருக்கு. இதுக்கு ஒரு கோளாறும் இல்ல. காலுதான் வரல."

"வரலன்னா என்ன டாக்டர் அர்த்தம்?"

"எங்கயோ தங்கிடுச்சு. வந்தா நடக்கும்."

மாட்டுக்குப் பூச்சி மருந்து எழுதிக் கொடுக்கும் அதே குரலில் இதைச் சொல்லிவிட்டு, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லிப் போனார். வெலிகா தொழிற்சாலையிலிருந்து ஒதுக்கித் தள்ளிய இடுப்புப்பட்டிகளை வாங்கிவந்து, இரட்டைத் தையல் போட்டு, நாயின் இடுப்புக்குக் கைப்பிடி வைத்த ஒரு பட்டை தைத்தாள். அதைப் பிடித்துத் தூக்கினால் நாய் முன்னங்கால்களால் நடக்கும், பின்பாதியை அவள் சுமந்துகொண்டு கூடவே நடப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை இப்படி முற்றத்துப் பேரிக்காய் மரம் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். ஜூன் முடிவதற்குள் இருவருக்கும் நடை ஒன்றாகிவிட்டது. அவள் இடது காலை எடுத்து வைக்கும்போது நாய் வலது முன்னங்காலை எடுத்து வைத்தது.

கால்கள் எங்கே என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய சீப்புதான். இரவு முழுக்க அடுப்படியில் அசையாமல் படுத்திருந்த நாயின் பின்னங்கால்கள் விடிந்ததும் பனியில் நனைந்திருந்தன. ரோமத்தைச் சீவினால் ஒட்டுப்புல் விதை வந்தது, முள் வந்தது, விரலிடுக்கில் ஆட்டுப் புழுக்கை இருந்தது. ஒருநாள் ஊதா நிறச் சிறுபூ ஒன்று வந்தது. அந்தப் பூ, மரங்களெல்லாம் முடிந்துபோன உயரத்துக்கு மேலே, மேய்ச்சல் வெளியில்தான் பூக்கும். ஜூலையில் ஒரு மதியம், உச்சியில் இடி முழங்கிக்கொண்டிருந்தபோது, நாய் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, அதன் பின்னங்கால்களிலிருந்து மட்டும் மழைநீர் சொட்டியது. வெலிகா பயப்படவில்லை. ஒரு துணியை எடுத்து வந்து துடைத்தாள். கோயில் படத்தைத் துடைப்பதுபோல, விரல் விரலாக, மெதுவாக.

செப்டம்பரில் சேகுலே என்ற ஆட்டுக்காரர் உப்பு வாங்க மலையிலிருந்து இறங்கி வந்தார். எழுநூறு ஆடுகளுக்குப் பொறுப்பானவர், வருடத்துக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசாதவர். லேன்சே வீட்டு முற்றத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குவளை சாராயம் கொடுத்ததும் அவர் ஓராண்டு ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பேசிவிட்டார். இந்த வருடம் மந்தையை ஓநாய் அண்டவில்லையாம். சுனைச் சேற்றில் தினமும் நாய்த் தடம் தெரிகிறதாம், பெரிய தடம், ஆனால் பின்னங்கால் தடம் மட்டும். இடது காலில் ஒரு நகம் இல்லையாம். ராத்திரி குளிரில் ஆடுகள் எதன்மேலோ சாய்ந்து தூங்குகின்றன, சாய்ந்த இடத்தில் ஒன்றுமில்லையாம். பெண்கள் சிரித்தார்கள். வெலிகா சிரிக்கவில்லை. மிளகாய்க் கையைக் கழுவாமலே எழுந்து அவர் சட்டையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சேகுலே சமையலறை வாசலில் நின்றார். நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது, வால் அசையவில்லை, வாலும் அந்தப் பாதியைச் சேர்ந்தது. "கரமான்" என்றார் அவர். அதற்கு ஒரு பெயர் இருந்தது என்பதையே வெலிகா அப்போதுதான் அறிந்தாள்.

"செத்துட்டான்னு நெனச்சேன் தங்கச்சி. புனித கியோர்கி திருநாள் முடிஞ்சு மே மாசம் மந்தைய மலைக்கு ஏத்திக்கிட்டுப் போறேன், வண்டி இவன அடிச்சுத் தள்ளிடுச்சு, பின்னாடி எழுநூறு உருப்படி, நடுரோடு. நின்னு பாக்க முடியல."

"முடியலயா? யோவ், ஒருதரம் குனிஞ்சு மூக்குல கை வெச்சுப் பாக்க எவ்வளவு நேரம்யா ஆகும்? இவன் உசுரு போற நேரத்துலயும் காலையாவது அனுப்பி உன் ஆட்டக் காத்துருக்கான். நீ திரும்பிக்கூடப் பாக்கல!"

சேகுலே தரையில் உட்கார்ந்து நாயின் இடது பாதத்தைப் பிரித்து, நகம் இல்லாத விரலைக் காட்டினார். பிறகு முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

மறுநாள் கால்களோடு சேர்த்து வைக்க நாயை டிராக்டரில் ஏற்றி, பாதை முடிகிற இடம் வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து தூக்குப்படுக்கையில் வைக்கப் போனபோது, அதுவரை யாரையும் பார்த்து உறுமியறியாத நாய் பல்லைக் காட்டியது. யாரும் தொட முடியவில்லை. சேகுலேவுக்குப் புரிந்தது. "காவக்காரன். ஆட்டு முன்னால படுத்தபடி போயி நிக்க மாட்டான்" என்றார். மந்தையைச் சீக்கிரம் இறக்கவும் வழியில்லை. புனித திமித்ரி திருநாள் வரை மலையில் மேய்ப்பதாக ஆட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார், கீழே புல்லும் இல்லை. அந்தத் திருநாள் நவம்பர் எட்டு. அன்று மந்தை இறங்கி வெலிகாவின் வாசல் வழியாகத்தான் சமவெளிக்குப் போகும். "அன்னிக்கு இவன் உன் வீட்டுல இருக்கணும் தங்கச்சி. இல்லன்னா காலு ஆட்டோடயே போயிடும். அப்புறம் அது யாரோட காலுன்னு அதுக்கே மறந்துடும்."

ஆஸ்திரிய வேனின் தேதி நவம்பர் மூன்று.

அங்கே காத்திருந்தவர்கள் நல்ல மனிதர்கள். தரையைச் சூடாக்கும் வீடு, நாயின் அளவெடுத்துச் செய்த சக்கர வண்டி, எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். இந்த வேனை விட்டால் அடுத்தது வசந்தத்தில்தான், அதுவரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று மக்தா போனில் நான்கு முறை சொன்னாள். வெலிகா நான்கு முறையும் மாட்டேன் என்றாள். மூன்றாம் தேதி காலை வேன் வந்து நின்றது. மக்தா பட்டணத்துச் செருப்போடு முற்றத்தில் இறங்கினாள்.

"வெலிகாக்கா, உனக்கு நாய விட மனசில்ல. அதுக்குக் காலு மலையில இருக்கு, குளம்பு குளத்துல இருக்குன்னு கத விடாத."

"விட மனசில்லதான். காலும் மலையிலதான் இருக்கு. ரெண்டும் நெசம்."

"உன் முதுகு என்ன ஆகும்னு யோசிச்சியா? அறுபது கிலோவ எத்தன வருஷம் தூக்குவ?"

"அஞ்சு நாளு. அதுக்கப்புறம் தூக்க வேண்டியதே இல்ல. கால் வந்துட்டா சேகுலேவோட போயிடுவான். எப்பிடியும் எனக்கு இல்ல மக்தா, அது எனக்குத் தெரியாதா?"

மக்தா சமையலறைக்குள் போய், சொல்லிப் புரியவைக்க முடியாதவர்கள் வீட்டு நாயை எப்படிக் கிளப்புவாளோ அப்படி இடுப்புப்பட்டையைப் பிடித்தாள். அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. நாயின் பின்னங்கால்களில் மணி மணியாக ஐஸ் கட்டியிருந்தது. அவள் ஒன்றைக் கிள்ளி எடுத்து விரலில் கரைவதைப் பார்த்தாள். அப்போது மேலே மந்தை ஓடையைக் கடந்திருக்க வேண்டும். இரண்டு கால்களிலிருந்தும் குளிர்ந்த தண்ணீர் கொட்டித் தரையெல்லாம் ஓடியது, மக்தாவின் செருப்பு நனைந்தது, தண்ணீரோடு ஒரு கூழாங்கல்லும் உருண்டு மேசைக் காலடியில் நின்றது. மக்தா முழங்காலிட்டுப் பாதத்தில் கை வைத்தாள். அசையாத அந்தக் காலுக்குள் ஓட்டம் தெரிந்தது, தசை இழுத்து விட்டு இழுத்து விட்டு ஓடியது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு வெளியே போய், "தாள்ல ஒரு நாய்னு போட்டுருக்கேன். இங்க பாதிதான் இருக்கு. பாதி நாய எல்லை தாண்டி அனுப்ப முடியாது" என்று டிரைவரிடம் சொன்னாள். அரசாங்க விஷயம் என்றதும் டிரைவர் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தான்.

எட்டாம் தேதி முற்பகல் பதினொரு மணிக்கு ஆட்டு மணிகளின் சத்தம் கேட்டது. ஊரே சாலையோரம் நின்றது, பாந்தில் டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், லேன்சே புதுத் துணி உடுத்தியிருந்தாள். எழுநூறு ஆடுகள் சாலையை நிறைத்து வந்தன. கடைசி வரிசையின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு நாய் அளவுக்கு இடைவெளி, ஆடுகள் அதில் கால் வைக்காமல் அதோடு சேர்ந்தே நகர்ந்தன. வெலிகாவின் வாசலுக்கு நேராக வந்ததும் மந்தை யாரும் சொல்லாமல் நின்றது. மணிகள் நின்றன. திறந்திருந்த கதவு வழியாக முற்றத்துச் சிமெண்டில் ஈரத் தடம் ஒன்று விழுந்தது, அடுத்து இன்னொன்று. இடதில் ஒரு நகம் குறைவு. தடங்கள் பேரிக்காய் மரத்தைச் சுற்றி வந்து, மூன்று படி ஏறி, சமையலறைக்குள் போயின. வெலிகா கைப்பிடியைப் பிடித்தபடி நாயின் பக்கத்தில் நின்றிருந்தாள். திடீரென்று கையில் கனம் இல்லை. ஆறு மாதமாகச் சுமந்த பாரம் தானாகவே எழுந்து நின்றது, வால் ஒருமுறை அவள் முழங்காலில் அடித்தது.

அவள் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். "போ கரமான்" என்றாள். பெயரைச் சொல்லிவிட்டாள், அழுதும் விட்டாள், இரண்டு கட்டுப்பாடும் ஒரே நிமிடத்தில் போயின. நாய் அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நான்கு காலில் இறங்கிப் போய் இடது ஓரத்து இடைவெளியில் நின்றது. இடைவெளி நிறைந்தது, மந்தை நகர்ந்தது.

டிசம்பர் முதல் வாரம் பனி விழுந்தது. காலையில் வெலிகா கதவைத் திறந்தபோது படியிலிருந்து பேரிக்காய் மரம் வரைக்கும் போய்த் திரும்பிய தடம் இருந்தது. பெரிய தடம், முன்னங்கால் இரண்டு மட்டும். அன்று மாலையே சமவெளியிலிருந்து சேகுலே போன் செய்தார்.

"தங்கச்சி, கரமான் நல்லா ஓடுறான், நாலு காலும் நல்லா இருக்கு. ஆனா சேத்துல பின்னங்கால் தடம்தான் விழுது."

"தேடாதீங்கண்ணே. முன்னாடி ரெண்டும் இங்க இருக்கு."

லேன்சே வேலிக்கு மேலாகத் தடத்தைப் பார்த்துவிட்டு, "முன்பாதியா வந்திருக்கு? அய்யோ பாவம்டி, வாய் அந்தப் பாதியிலதான இருக்கு, இனி ஆயுசுக்கும் கூழு வெக்கணும்" என்றாள். வெலிகா ஏற்கெனவே வைத்திருந்தாள். மக்தா தன் பதிவேட்டில் பன்னிரண்டாம் நாய்க்கு நேரே "பாதி திரும்பியது, பாதி வெலிகாவிடம்" என்று எழுதி முத்திரை குத்தினாள். ஜனவரியில் பதிமூன்றாவது விருந்தாளி வந்தது, ஒரு கண் இல்லாத சிறு பெண் நாய். முதல் நாளே அது மக்காச்சோளக் கூழ்க் கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சாப்பிட்டுவிட்டு, மறுபக்கத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுத்தது. காலையில் கிண்ணம் முழுதும் காலியாக இருந்தது. வெலிகா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.